சிம்பிள், சீரியஸ், கிரீவியஸ்

டெக்ஸாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஊரில் அவருடைய தம்பிக்கு பைக் விபத்து. போலீஸ் காகிதத்தில் 'கிரீவியஸ் இன்ஜுரி' என்று இருக்கிறதாம். அதே நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த காகிதத்தில் 'ஸ்டேபிள்' என்று இருக்கிறதாம். "ரெண்டுல எதுங்க பொய்?" என்று கேட்டிருந்தார்.

ரெண்டுமே பொய்யில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டேன். பாவம், அந்த ஒரு வரி அவருக்கு எந்த விதத்தில் உதவியிருக்கும்? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. இங்கே ஓஹையோவில் ஒரு ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் மெடிகல் கோடிங் செய்கிறேன். டாக்டர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு எண் போடுவது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் காயங்களுக்கு வார்த்தை பார்த்து வார்த்தை பார்த்து, இந்த வார்த்தைகள் யாரோடு யார் கூட்டுச் சேரும், யாரோடு சேராது என்பது கொஞ்சம் பிடிபட்டுவிட்டது.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'படுகாயம்' என்கிறோம், 'பலத்த காயம்' என்கிறோம். 'பலத்த சிராய்ப்பு' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'லேசான படுகாயம்' என்று? சொன்னால் சிரிப்பார்கள். ரத்தம் தெரியாமல் உள்ளே கன்றிப்போனால் அது 'ஊமைக்காயம்'. என்ன அழகான சொல் பாருங்கள், அடி விழுந்திருக்கிறது, ஆனால் வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை. 'ஊமை வெட்டு' என்று ஒன்று கிடையாது. இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. காதில் விழுந்தே வந்தது.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். காயத்துக்கு 'சீரியஸ்', 'சீவியர்' இரண்டும் போடுவார்கள். வலி என்றால் மட்டும் 'சீவியர் பெயின்'தான், 'சீரியஸ் பெயின்' என்று எந்த டாக்டரும் எழுதி நான் பார்த்ததில்லை. தீக்காயம் பெரும்பாலும் 'சீவியர் பர்ன்ஸ்'. விபத்து 'சீரியஸ் ஆக்சிடென்ட்'. ஆள் செத்தால் அது 'ஃபேட்டல் ஆக்சிடென்ட்'. ஆளின் நிலைமையைச் சொல்லும்போது 'கிரிடிகல் கண்டிஷன்'. துப்பாக்கி, கத்தி, போர் என்றால் 'வூண்டட்', வண்டி மோதினால் 'இன்ஜுர்ட்'. தமிழில் இரண்டுக்கும் 'காயமடைந்தார்' போதும், நாம் ஆயுதத்தைத் தனியாகச் சொல்லிக்கொள்வோம்.

'கிரீவியஸ்' என்ற சொல் மட்டும் கொஞ்சம் வினோதமான ஆசாமி. இங்கே அமெரிக்காவில் இத்தனை வருடமாக ஆயிரக்கணக்கான கேஸ் பேப்பர் படித்திருக்கிறேன், அந்தச் சொல் கண்ணில் படவே இல்லை. இங்கே சட்டக்காரர்கள் 'சீரியஸ் பாடிலி இன்ஜுரி' என்பார்கள். இங்கிலாந்தில் 'கிரீவியஸ் பாடிலி ஹார்ம்', அதுவும் 1861ல் போட்ட ஒரு சட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தச் சொல் பத்து வயதிலேயே பழக்கம். காரணம் லாலாகுடா.

தெரியாதவர்களுக்கு: லாலாகுடா, செகந்தராபாத் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பக்கம் மெட்டுகுடா, இன்னும் கொஞ்சம் போனால் தார்நாகா. நிஜாம் ரயில்வே காலத்திலிருந்து இருக்கிற கேரேஜ் ஒர்க்‌ஷாப், ரயில்வேயின் மத்திய மருத்துவமனை, குவார்ட்டர்ஸ் என்று பேட்டையே ரயில்வேதான். 1966 அக்டோபர் 2ல் தென் மத்திய ரயில்வே பிறந்தபோது, தெற்கு ரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களையும், மத்திய ரயில்வேயிலிருந்து செகந்தராபாத், சோலாப்பூர் கோட்டங்களையும் பிரித்துச் சேர்த்தார்கள். அந்த ரயில்வேயை நம்பி தமிழ்க் குடும்பங்களும் செகந்தராபாத்துக்கு வந்து சேர்ந்தன. எங்கள் அப்பா திருச்சி பொன்மலைப் பக்கத்திலிருந்து எழுபதுகளில் வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலில் தெலுங்கு, கடைத்தெருவில் ஹைதராபாத் உருது. விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி 'தெப்ப தகிலிந்தா' என்பார், பால்காரர் 'மார் லகா க்யா' என்பார், அம்மா 'எங்கடா அடிபட்டுது' என்பாள். அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டிரிவியல்" என்பார்.

ரயில்வே பாஷையில் காயம் மூன்றே வகை. கிரீவியஸ், சிம்பிள், டிரிவியல். சிராய்ப்பு, கன்றிப்போனது எல்லாம் டிரிவியல். எங்கேயாவது ரயில் தடம்புரண்டால், அறிக்கையில் இறந்தவர்களுக்குக் கீழே இந்தச் சொற்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். வேலையில் அடிபட்டால் அது 'இன்ஜுர்ட் ஆன் ட்யூட்டி', சுருக்கமாக ஐ.ஓ.டி. அந்த மூன்று வார்த்தைகளும் சேர்ந்து வந்தால் லீவு ஒரு மாதிரி, தனியாக 'இன்ஜுர்ட்' என்று மட்டும் வந்தால் வேறு மாதிரி. எங்கள் காலனிப் பெண்மணிகளுக்குக்கூட சிக் மெமோ, ஃபிட் சர்டிபிகேட், ஐ.ஓ.டி. எல்லாம் தக்காளி, வெங்காயம் போலப் பழகிய வார்த்தைகள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிரீவியஸ் என்றால் என்ன?

லத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனமானது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். மெக்காலே தலைமையில் 1837ல் வரைவு எழுதி, 1860ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில், 320வது பிரிவு இந்தச் சொல்லுக்கு ஒரு வேலி போட்டது. 'கிரீவியஸ் ஹர்ட்', தமிழ்ச் சட்ட நூல்களில் 'கொடுங்காயம்'. எட்டே எட்டு வகைதான். ஆண்மை இழப்பு. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது. ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது. ஓர் உறுப்பையோ மூட்டையோ இழப்பது. உறுப்போ மூட்டோ இருந்தும் அதன் சக்தி அழிவது, அல்லது நிரந்தரமாகக் குறைவது. தலையோ முகமோ நிரந்தரமாக விகாரமாவது. எலும்போ பல்லோ முறிவது, அல்லது இடம் பெயர்வது. எட்டாவதாக, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது இருபது நாள் கடும் வலியில் தள்ளுகிற, அன்றாட வேலைகளைச் செய்யவிடாமல் தடுக்கிற காயம்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 116வது பிரிவு. பட்டியல் ஏறக்குறைய அதேதான். இருபது நாள் மட்டும் பதினைந்து நாள் ஆகியிருக்கிறது.

ஏழாவதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எலும்போ பல்லோ. அதாவது, தெருச் சண்டையில் ஒருத்தனுக்கு ஒரு முன்பல் உடைந்தால் அது கிரீவியஸ். இன்னொருத்தனுக்குத் தொடையில் ஒரு முழ நீளம் கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாகி, முப்பது தையல் போட்டு, உயிருக்கு ஆபத்தில்லாமல் பத்தே நாளில் எழுந்து நடந்தால் அது சிம்பிள். பார்த்தவர்கள் யாரைப் பார்த்து மயங்கி விழுவார்கள்? சட்டம் அதைக் கேட்பதில்லை. வலியின் அளவைச் சொல்ல வந்த சொல்லல்ல அது. அடுத்து எந்தப் பிரிவில் வழக்கு, எவ்வளவு தண்டனை, எவ்வளவு பணம் என்று முடிவு செய்ய வந்த சொல். ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்திருந்தார் என்பது மட்டுமே போதாது, வலியோ முடங்கலோ இருந்ததா என்று பார்க்கவேண்டும் என்று நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன.

பணம் என்றேன். 2023 ஜூன் 2ம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே பஹானகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியது யாருக்கும் மறந்திருக்காது. 290 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சென்னைக்கு வரவேண்டிய வண்டி என்பதால் அன்று ராத்திரி உலகத்தின் எந்த மூலையில் இருந்த தமிழனும் தூங்கியிருக்கமாட்டான். அறிவிப்பு வந்தது: இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், கிரீவியஸ் காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்கு 50,000. அதே வருடம் செப்டம்பரில் ரயில்வே தன்னுடைய பொதுவான கருணைத் தொகையையும் திருத்தியது. ரயில் விபத்தில் இறப்புக்கு 50,000 ஆக இருந்தது 5 லட்சம், கிரீவியஸுக்கு 25,000 ஆக இருந்தது 2.5 லட்சம், சிம்பிளுக்கு 5,000 ஆக இருந்தது 50,000.

சாலை விபத்துக்கும் இதேபோல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 164வது பிரிவு. 2022 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடப்பில் இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, இறப்புக்கு 5 லட்சம், கிரீவியஸ் ஹர்ட்டுக்கு 2.5 லட்சம். மோதிவிட்டு வண்டி ஓடிப்போயிருந்தால் 161வது பிரிவின்படி 2 லட்சமும், கிரீவியஸுக்கு 50,000மும். சிம்பிளுக்கு இந்த இரண்டு பிரிவிலும் ஒன்றும் இல்லை. ஆக, 'இன்ஜுரி'க்கு முன்னால் எந்த ஜோடி வந்து உட்காருகிறது என்பது வெறும் இலக்கண விஷயம் இல்லை.

இது போலீஸும் சட்டமும் பேசுகிற பாஷை. ஆஸ்பத்திரியின் பாஷை வேறு. அதுதான் என் சோறு, அதனால் அதையும் சொல்கிறேன்.

இங்கே காயங்களுக்கு ஒரு அளவுகோல் உண்டு, 1 முதல் 6 வரை. மைனர், மாடரேட், சீரியஸ், சீவியர், கிரிடிகல், மேக்ஸிமல். கவனித்தீர்களா? சீரியஸ் மூன்றாவது படிதான். அதற்கு மேலே இன்னும் மூன்று படி இருக்கிறது. நம்மூரில் சீரியஸ் என்றால்? அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்கும் போடுவோம். உடம்பில் அதிகம் அடிபட்ட மூன்று பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டவேண்டும். தலையில் 4, காலில் 3, தோலில் 1 என்றால் 16, 9, 1, மொத்தம் 26. பதினைந்துக்கு மேல் போனால் அது 'மேஜர் டிராமா'. ஒரு மனுஷனின் தலையெழுத்து எட்டாம் வகுப்புக் கணக்கில் வந்து நிற்கும்.

தலையில் அடி என்றால் இன்னொன்று: கிளாஸ்கோ கோமா அளவு. 1974ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேசுவதற்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. பதின்மூன்றும் அதற்கு மேலும் 'மைல்டு ஹெட் இன்ஜுரி'. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாடரேட். எட்டும் அதற்குக் கீழும் சீவியர். மைல்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'அப்பாடா' என்று விட்டுவிட வேண்டாம். அன்று எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதைத்தான் அது சொல்கிறது. மாதக்கணக்கில் தலைவலி, மறதி என்று படுகிற மைல்டுகள் உண்டு.

பிறகு நண்பர் கேட்ட 'ஸ்டேபிள்'. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் வெளியாருக்கு நோயாளியின் நிலையைச் சொல்ல நான்கு சொற்கள் வைத்திருக்கின்றன. குட், ஃபேர், சீரியஸ், கிரிடிகல். பேரைச் சொல்லிக் கேட்டால் பொதுவாக இப்படி ஒரு சொல் மட்டும் சொல்லலாம் என்பது இங்கே தனியுரிமைச் சட்டத்தின் ஏற்பாடு. ஸ்டேபிள் அந்த நான்கில் இல்லை. ஸ்டேபிள் என்றால் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் இந்த நிமிஷம் ஆடாமல் ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நல்லபடியாக ஒரே மாதிரியாகவும் இருக்கலாம், மோசமாக ஒரே மாதிரியாகவும் இருக்கலாம். பத்திரிகைகள் ஆசையாகப் போடும் 'கிரிடிகல் பட் ஸ்டேபிள்' என்ற ஜோடியைப் போடாதீர்கள் என்று இங்கே ஆஸ்பத்திரிச் சங்கமே சொல்லிவைத்திருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

நண்பரின் தம்பிக்குக் கால் எலும்பு முறிவு. போலீஸுக்கு ஏழாவது வகை, கிரீவியஸ். ஆஸ்பத்திரிக்கு நாடி சீராக இருக்கும் நோயாளி, ஸ்டேபிள். ஒரே கால், ஒரே நாள், இரண்டு காகிதம்.

இனி நம்ம சீரியஸ்.

என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டு வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே பெண்கள் வயிற்றில் கை வைத்துக்கொள்வார்கள். உள்ளே பெரும்பாலும் நான்கு வார்த்தைதான். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி'. ஃபாதருக்குப் பதில் மதர் இருக்கும், கிராண்ட்மதர் இருக்கும். மற்ற மூன்றும் மாறாது. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு என்பதால் சுருக்கம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எல்லாருக்கும் தெரியும். பல சமயம் ஃபாதர் ஏற்கெனவே போயிருப்பார். ரயிலில் ராத்திரி முழுக்கத் தனியாக வருகிற பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல மனசு வராமல் 'சீரியஸ்' என்று போடுவார்கள். பிள்ளையும் அதைப் புரிந்துகொண்டுதான் ஏறுவான், புரியாத மாதிரி உட்கார்ந்து வருவான். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையே மூடப்பட்டுவிட்டது. வார்த்தை மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது. 'அவருக்கு ரொம்ப சீரியஸ்' என்று தமிழில் சொன்னால் இன்றைக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் மூன்றாவது படியில் நிற்கிற சொல்லை நாம் ஆறாவது படியில் ஏற்றி உட்காரவைத்திருக்கிறோம்.

2022 அக்டோபரில் எங்கள் வீட்டுக்கும் அந்தச் சொல் வந்தது. இங்கே காலை பத்து மணி, லாலாகுடாவில் இரவு ஏழரை. மாமா பையன் போன் பண்ணினான். "அத்தான், அத்தைக்கு ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. மெட்டுகுடாகிட்ட ரோடு கிராஸ் பண்ணும்போது பைக்காரன் இடிச்சுட்டான். கொஞ்சம் சீரியஸ். கிளம்பி வர்றீங்களா?"

அப்பா போனபின் அம்மா அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். இங்கே வா என்றால் 'அந்தக் குளிர்ல நான் என்னடா பண்ணுவேன்' என்பாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். கொஞ்சம் சீரியஸ் என்றால் என்ன? உயிர் இருக்கிறதா? இல்லை, அந்தத் தந்தி மாதிரியா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. இவன் சொல்லிவிட்டால்?

வாய் தானாக வேலைக் கேள்விகளுக்குப் போனது. "கண்ணு திறந்திருக்காங்களா?" "திறந்திருக்காங்க அத்தான்." "பேசுறாங்களா?" "பேசுறாங்க. எங்கிட்ட காஸ் ஆஃப் பண்ணியான்னு கேட்டாங்க." "கை, கால் அசைக்கிறாங்களா?" "அசைக்கிறாங்க. வலது கை மட்டும் வலிக்குதாம்." நாலும் ஐந்தும் ஆறும் பதினைந்து. நான் திரும்ப உட்கார்ந்தேன். பிறகு போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணுமில்லடா. லேசா அடி. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ ஆபீஸ்ல இருப்பே, வை."

ஒருத்தன் சீரியஸ் என்கிறான், ஒருத்தி ஒண்ணுமில்லை என்கிறாள். இரண்டுமே அன்பில் வந்த வார்த்தைகள்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு விமான டிக்கெட் போடமுடியாது. மகளுக்கு அந்த வாரம் பரீட்சை, எனக்கு மிச்சமிருந்த லீவு ஒன்பது நாள். என் மனைவி சொன்னாள், "இப்ப போனா கூட இருந்து அழலாம். கையில ஆபரேஷன் அது இதுன்னா அப்பதான் ஆள் வேணும். எக்ஸ்ரே பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு தெரியவில்லை. காகிதத்தில் 'சிம்பிள் இன்ஜுரி'. போலீஸ் 337வது பிரிவில் வழக்குப் பதிந்தது, கவனக்குறைவால் காயம். அம்மாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. "சிம்பிள்னு டாக்டரே எழுதிட்டார்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் பத்து நாள் கழித்தும் குக்கர் மூடியைத் திருகமுடியவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி புத்தூர் கட்டுக்கு அழைத்துப்போகத் தயாராக நின்றார்.

நான் வீடியோவில் அம்மாவைப் பெருவிரலை விரிக்கச் சொன்னேன். அப்படி விரித்தால் பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரமாக ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் கொட்டி உறிஞ்சுவார்களாம், அதனால் ஆங்கிலத்தில் அதற்கு மூக்குப்பொடி டப்பா என்றே பெயர். இன்னொரு கையால் அந்த இடத்தை அழுத்தச் சொன்னேன். "ஐயோ" என்றாள்.

அந்தப் பள்ளத்துக்கு அடியில் ஸ்கேஃபாய்டு என்று முந்திரிப்பருப்பு அளவில் ஒரு எலும்பு இருக்கிறது. அது விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது. பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்தால் தெரியும். அதனால் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டுவைத்து மறுபடி படம் எடுப்பது வழக்கம். விட்டுவிட்டால், ரத்த ஓட்டம் ஒரு முனையிலிருந்தே வருகிற எலும்பு என்பதால், கூடாமலே போய் மணிக்கட்டு தேய்ந்துவிடும். மறுநாளே மாமா பையன் எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனான். இரண்டாவது படத்தில் விரிசல் மெல்லிய கோடாகத் தெரிந்தது. மாவுக்கட்டு.

அம்மாவின் கை அப்படியேதான் இருந்தது. வலியும் அதேதான். ஆனால் எலும்பு முறிவு என்ற உடனே அவள் ஏழாவது வகைக்குள் வந்துவிட்டாள். சிம்பிள் என்பது கிரீவியஸ் ஆனது, 337 என்பது 338 ஆனது, 164வது பிரிவில் கேட்க வழி பிறந்தது. மாற்றிய டாக்டரின் காகிதத்தை வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க மாமா பையன்தான் நாலு நடை நடந்தான். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் யாரும் தானாக வந்து மாற்றியிருக்கமாட்டார்கள். நான் அந்த ஒன்பது நாளை வைத்திருந்து, மாவுக்கட்டுப் பிரிக்கிற சமயத்தில் போய் கூட இருந்து, கைப்பயிற்சிக்கு அழைத்துப்போனேன். அவளுக்கு அதுதான் தேவைப்பட்டது.

அம்மாவுக்கு மட்டும் வருத்தம். "சிம்பிள்னு சொல்லியிருந்தாங்க. இப்ப என்னமோ கிரீவியஸ்ங்கிறாங்க. மோசமாயிடுச்சாடா?" இல்லைம்மா, கை மோசமாகவில்லை, காகிதம்தான் சரியாகியிருக்கிறது என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

நம்மை மாதிரி தூரத்தில் இருக்கிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. போனில் ஒரு சொல் வந்தால் அது யாருடைய சொல் என்று கேளுங்கள். டாக்டர் சொன்னாரா, போலீஸ் சொன்னதா, டி.வி.யில் வந்ததா, சித்தப்பா பயத்தில் சொல்கிறாரா? டாக்டரின் சீரியஸும் சித்தப்பாவின் சீரியஸும் ஒன்றல்ல.

இரண்டு. அடைமொழியைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். கண் திறக்கிறாரா? கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறாரா? கை, கால் அசைகிறதா? மூச்சு தானாக விடுகிறாரா, மெஷினிலா? ரத்தம் ஏற்றுகிறார்களா? வார்டிலா, ஐ.சி.யூ.விலா? இதற்குப் பதில் சொல்ல ஊரில் யாருக்கும் ஆங்கிலம் தேவையில்லை.

மூன்று. காகிதம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி என்றால் ஏ.ஆர். காப்பி, மற்ற இடங்களில் எம்.எல்.சி., வூண்ட் சர்டிபிகேட், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றையும் அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் முறிவு தெரியவந்தால் அதை எழுத்தில் வாங்கி போலீஸுக்குப் போய்ச்சேர வையுங்கள். சிம்பிள் என்ற சொல் தானாக மாறாது.

நான்கு. இது கொஞ்சம் கஷ்டமானது. வீட்டில் பேசி வையுங்கள், உயிர் போயிருந்தால் 'போயிட்டார்' என்று சொல்லச் சொல்லி. நாங்கள் இப்போது அப்படி ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். மாமா பையனிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எப்படி அத்தான் அதை போன்ல சொல்றது?" என்றான். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றேன். இருபது மணி நேர விமானப் பயணத்தில், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவது கருணை இல்லை. தெரிந்து வந்தால் அழுதுகொண்டாவது வரலாம்.

அம்மா சம்மதித்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என்னைப் பத்தி எது சொல்றதா இருந்தாலும் தமிழ்ல சொல்லச் சொல்லு."